அலாரத்துக்கு முந்தைய அரை மணி

அலாரம் அடித்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். டாங்கர் கப்பலில் ஒரே ஒரு கான்ட்ராக்ட் முடித்து வந்த பையன்கூடக் கடகடவென்று ஒப்பித்துவிடுவான். பம்பை நிறுத்துவேன், மேனிஃபோல்ட் வால்வை மூடுவேன், டெர்மினலுக்குச் சொல்வேன், கேப்டனை எழுப்புவேன். எல்லாம் சரி. சரக்குக் கட்டுப்பாட்டு அறையின் சுவரிலேயே அது ஒட்டியிருக்கும். அலாரம் அடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் உன் திரையில் எந்த எண் நகர்ந்துகொண்டிருந்தது என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பெரும்பாலும் பதில் வராது. திரவச் சரக்கு சிமுலேட்டருக்குப் பயிற்சிகள் எழுதுவது என் வேலை. பதில் வராத அந்த அரை மணிக்காகத்தான் எழுதுகிறேன்.

டாங்கர்களில் சீஃப் ஆபீசராக இருந்து கரையேறியவன் நான். வீடு பெங்களூர் அல்சூரில். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கப்பலுக்குப் பாடமா என்று தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். உங்கள் வண்டிக்குப் போடும் பெட்ரோல் எங்கிருந்து வருகிறது என்று திருப்பிக் கேட்பேன். கச்சா எண்ணெய் ஏற்றிய டாங்கர் மங்களூருக்கு வருகிறது. அங்கே எம்.ஆர்.பி.எல். ஆலையில் பெட்ரோலும் டீசலுமாகப் பிரிகிறது. பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையேறி, ஹாசன் வழியாக 360 கிலோமீட்டருக்கு மேல் குழாயிலேயே வந்து, ஹொசகோட்டே பக்கத்தில் இருக்கும் தேவனகொந்தி டெப்போவில் இறங்குகிறது. பெட்ரோநெட் எம்.எச்.பி. குழாய் 2003-இல் ஓடத் தொடங்கியதிலிருந்து இது ஒரு முக்கிய வழி. மங்களூரில் ஒரு சீஃப் ஆபீசர் ராத்திரி முழுக்கக் கண்விழித்து இறக்கிய எண்ணெய்தான் நம்மூர் சிக்னலில் புகையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

சிமுலேட்டர் என்ற சொல்லும் இந்த ஊருக்குப் புதிதில்லை. எச்.ஏ.எல். நிறுவனமும் கனடாவின் சி.ஏ.இ. நிறுவனமும் சேர்ந்து அமைத்த ஹெலிகாப்டர் சிமுலேட்டர் மையம் இங்கேதான் இருக்கிறது. விமானி உட்காரும் பெட்டி குலுங்கும், சாயும். அதைப் பார்த்துவிட்டு என் சிமுலேட்டரைப் பார்க்க வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒரு மேசை, இரண்டு மூன்று கணினித் திரைகள், ஒரு வாக்கி டாக்கி, அவ்வளவுதான். ஆனால் இன்றைய டாங்கரின் சரக்குக் கட்டுப்பாட்டு அறையும் ஏறக்குறைய இதுதான். அங்கேயும் அதிகாரி எண்ணெயைக் கண்ணால் பார்ப்பதில்லை. திரையில் குழாய் வரைபடம், தொட்டிகளின் அளவு, அழுத்தம், பம்பின் சுற்று எல்லாம் எண்களாகவும் நிறங்களாகவும் வந்து நிற்கும். எண்களை நம்பித்தான் 3 லட்சம் டன் கப்பலை இயக்குகிறார். விமானிக்குக் குலுக்கல் வேண்டும். எங்கள் ஆளுக்கு எண்களின் நடத்தை உண்மையாக இருந்தால் போதும்.

அந்த நடத்தையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நார்வேயின் கொங்ஸ்பெர்க், டிரான்சாஸை 2018-இல் வாங்கிய பின்லாந்தின் வார்ட்சிலா, டெல்லியின் ஏ.ஆர்.ஐ. என்று சிமுலேட்டர் செய்பவர்கள் பலர் உண்டு. பம்பின் இயல்பு வளைகோடு, வாயுவின் விரிவு, கப்பலின் சாய்வு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு நொடிக்கு நொடி காட்டிவிடுவார்கள். ஆனால் இயந்திரத்தை மட்டும் வாங்கி வைத்தால் அது விலை உயர்ந்த விளையாட்டுப் பொருள். எந்த நிலையில் தொடங்குவது, எதை மறைப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது, எதைக் கேட்டு முடிப்பது என்று ஒருவர் எழுத வேண்டும். கடலோடிகளின் பயிற்சிக்கான சர்வதேச ஒப்பந்தமான எஸ்.டி.சி.டபிள்யூ., சிமுலேட்டருக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. பயிற்சி தொடங்கும் முன் மாணவருக்கு நோக்கத்தைச் சொல், திட்டமிட நேரம் கொடு, கருவியைப் பழக விடு, நடக்கும்போது கவனி, முடிந்ததும் உட்கார்ந்து பேசு என்று வரிசையாகச் சொல்கிறது. அதே வரிசையில், பயிற்சிகள் அவற்றின் நோக்கத்துக்குப் பொருந்துகின்றனவா என்று வடிவமைத்துச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்றும் ஒரு விதி வருகிறது. அவசரத்தில் பலர் தாண்டிப் போகும் விதி அது. என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

பயிற்சியைக் கடைசியிலிருந்து எழுதத் தொடங்குவேன். எல்லாம் முடிந்து மாணவரும் ஆசிரியரும் மேசையில் உட்காரும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி எது? அதை முதலில் தாளில் எழுதிவிடுவேன். ‘கச்சா எண்ணெய் இறக்கக் கற்றுக்கொள்வது’ என்று எழுதினால் அது பாடத்திட்டத்தின் தலைப்பு, அதை வைத்துப் பயிற்சி எழுத முடியாது. ‘இரண்டு பம்புகளை நிறுத்தும் முன் பாய்லருக்கு என்ன ஆகும் என்று யோசித்தாரா?’ என்று எழுதினால் அதிலிருந்து பயிற்சி தானாக வளரும். ஒரு பயிற்சிக்கு ஒரு கேள்வி போதும். இரண்டாவது நல்ல கேள்வி தோன்றினால் அது இரண்டாவது பயிற்சிக்கு.

அந்தப் பாய்லர் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கச்சா எண்ணெய் இறக்க இறக்கத் தொட்டியில் காலியாகும் இடத்தில் காற்று புகக்கூடாது. எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்தால் ஒரு பொறி போதும். அதனால் பாய்லரின் புகையைக் கழுவிக் குளிர்வித்து, ஆக்சிஜன் குறைந்த வாயுவாகத் தொட்டிகளுக்குள் ஊதுவார்கள். கப்பலில் இதை ‘ஐ.ஜி.’ (இனர்ட் கேஸ்) என்போம். உள்ளே போகும் வாயுவில் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்குள், தொட்டிக்குள் 8 சதவீதத்துக்குள், தொட்டியின் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றைவிடச் சற்று மேலே. இதெல்லாம் டாஸ்கோ என்னும் மேல்நிலை டாங்கர் பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் மனப்பாடம்.

பெரிய டாங்கரில் மூன்று சரக்குப் பம்புகளும் நீராவியில் ஓடுபவை. மூன்றும் முழு வேகத்தில் ஓடும்போது பாய்லர் நன்றாக எரிகிறது, புகையில் ஆக்சிஜன் குறைவாக இருக்கிறது. கடைசித் தொட்டிகளுக்கு வந்ததும் மாணவர் இரண்டு பம்புகளை நிறுத்துகிறார். அவர் திட்டத்தில் அது சரியான கட்டம்தான். ஆனால் நீராவியின் தேவை சட்டென்று விழுகிறது. பாய்லர் சிறு தீயில் எரிகிறது. எரிவதற்கு வேண்டியதைவிடக் காற்று அதிகமாகிப் புகையில் ஆக்சிஜன் ஏறுகிறது. திரையின் மூலையில் 3.4 என்று இருந்த எண் 3.9 ஆகும், பிறகு 4.5. 5-ஐத் தொட்டால் அலாரம். அப்போது வாயுவைத் தொட்டிக்கு அனுப்பாமல் வெளியே விட வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் தொட்டியின் அழுத்தம் இறங்கும், அடுத்த அலாரம் வரும். அதாவது மாணவர் பம்பைத் தொட்டார், பாய்லர் பதில் சொன்னது. இரண்டும் திரையின் வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன. இஞ்சின் ரூமுக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டு, பம்பை ஒவ்வொன்றாகக் குறைத்து, நீராவிச் சுமையை வேறு வழியில் தக்கவைத்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. இந்தப் பயிற்சியில் நான் எதையும் பழுதாக்கவில்லை. கப்பலின் இயல்பை அப்படியே விட்டிருக்கிறேன்.

கேள்வி கிடைத்துவிட்டால் அடுத்தது தொடக்க நிலை. எழுத்து வேலையில் பாதிக்கு மேல் நேரம் தின்பது இதுதான். 2 மில்லியன் பீப்பாய் எண்ணெயைக் காலியாக்கக் கப்பலுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். வகுப்பறையில் கிடைப்பது ஒரு காலைப் பொழுது. எனவே முழுக் கப்பலிலிருந்து தொடங்க முடியாது. யாரோ ஒருவர் 20 மணி நேரம் வேலை பார்த்துவிட்டுத் தூங்கப் போன கப்பலை மாணவர் கையில் கொடுக்க வேண்டும். பெரிய டாங்கரில் 15 சரக்குத் தொட்டிகளும் கழுவிய எச்சங்களுக்கான 2 ஸ்லாப் தொட்டிகளும் இருக்கும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு எண்ணெய், என்ன சூடு, என்ன அடர்த்தி, எந்த வால்வு எந்த நிலையில், பேலஸ்ட், அதாவது கப்பலைச் சமநிலையில் வைக்கும் கடல்நீர், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

எண்களைக் கையால் தட்டிச் சேமித்துவிடலாம் என்று புதிதாக எழுத வருபவர்கள் நினைப்பார்கள். தட்டலாம், ஆனால் அந்தக் கப்பலுக்குக் கடந்த காலம் இருக்காது. தொட்டியில் பாதி எண்ணெய் இருக்கும், குழாய் காலியாக இருக்கும், வாயு அழுத்தம் பூஜ்யத்தில் நிற்கும். ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்தில் எல்லாம் தள்ளாடும். கூர்மையான மாணவர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார். அதனால் நானே முழுக் கப்பலிலிருந்து தொடங்கி, வேகத்தைக் கூட்டி ஓட்டி, வேண்டிய கட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கே சேமித்துக்கொள்வேன். அப்படிச் சேமித்த நிலையில் முன்பு ஓட்டியவரின் பழக்கவழக்கங்கள்கூடத் தங்கியிருக்கும். ஒரு தொட்டியை மட்டும் கொஞ்சம் அதிகம் விட்டுவைத்திருப்பார், எங்கோ ஒரு கிராஸோவர் வால்வைத் திறந்தபடி விட்டிருப்பார். நிஜக் கப்பலை வாங்கிக்கொள்ளும்போதும் அப்படித்தானே?

அதோடு வாட்ச் ஒப்படைக்கும் குறிப்பு ஒன்று எழுதுவேன். அதில் பொய் இருக்கக்கூடாது. பொய் சொல்லி மாணவரை விழவைத்தால் அவர் கற்பது ஆசிரியரை நம்பக்கூடாது என்பது மட்டுமே. ஆனால் அரைகுறை இருக்கலாம். ‘கச்சா எண்ணெயால் கழுவுவது ஸ்டார்போர்ட் ஸ்லாப் தொட்டியிலிருந்து நடக்கும். எல்லாம் ரெடி’ என்று ஒரு வரி. ரெடி என்றால் என்ன என்று மாணவர் கேட்க வேண்டும். தொட்டிச் சுவரில் ஒட்டிய படிவத்தை எண்ணெயையே பீய்ச்சிக் கழுவுவதற்கு முன், எந்தத் தொட்டியிலிருந்து எண்ணெய் எடுக்கிறோமோ அதன் அடியிலிருந்து குறைந்தது 1 மீட்டர் ஆழத்தை முதலில் இறக்கிவிட வேண்டும்; ஸ்லாப் தொட்டியென்றால் முழுக்கக் காலியாக்கி, தண்ணீர் கலக்காத எண்ணெயால் மறுபடி நிரப்ப வேண்டும். அடியில் தங்கிய தண்ணீர் எண்ணெயோடு கலந்து பீய்ச்சப்பட்டால் நிலைமின்சாரம் மிக அதிகமாகச் சேரும். குறிப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. ஸ்லாப் தொட்டியின் அடியில் தண்ணீர் இருப்பது அளந்து பார்த்தால் மட்டும் தெரியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் விதி அல்ல. 1969 டிசம்பர் மாதத்தில் மட்டும் மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாகோன் 7 என்று மூன்று ராட்சத டாங்கர்கள் தொட்டி கழுவும்போது வெடித்தன. மூன்றும் 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்டவை, அன்றைக்குப் புத்தம் புதியவை. மார்பெஸ்ஸா மூழ்கியே போனது. பெரிய தொட்டிக்குள் பலத்த தாரையாகத் தண்ணீர் அடித்தபோது எழுந்த மூடுபனியில் மின்னூட்டம் சேர்ந்ததே காரணம் என்ற முடிவுக்கு ஆய்வுகள் இட்டுச் சென்றன. ஐ.ஜி. இன்று எல்லாப் பெரிய டாங்கர்களிலும் கட்டாயமாக இருப்பதற்கு அந்த டிசம்பர் ஒரு முக்கியக் காரணம். தொட்டிக்குள் சேரும் மின்னூட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் ‘ரெடி’ என்ற வார்த்தையைக் கேள்வி கேட்காமல் விடும் மாணவரை நான் அங்கேயே நிறுத்துவதில்லை. பயிற்சி ஓடட்டும். முடிந்து உட்கார்ந்து பேசும்போது அந்த வரியை அவரையே வாசிக்கச் சொல்வேன்.

பழுது வைக்கும் பயிற்சிகளும் உண்டு. அப்போது அது எப்போது கிளம்ப வேண்டும் என்பதில்தான் நுட்பம். 40-ஆவது நிமிடத்தில் வால்வு கசியட்டும் என்று கடிகாரத்தில் கட்டிவைத்தால், வேகமான மாணவர் அதைத் தாண்டிப் போயிருப்பார், நிதானமானவர் அங்கே வந்திருக்கவே மாட்டார். நிலையில் கட்டிவைக்க வேண்டும். சரக்கு ஏற்றும் பயிற்சி ஒன்றில், நான்காவது நடுத் தொட்டியை நிரப்பி முடித்து மாணவர் வால்வை மூடும் கட்டளை கொடுத்தவுடன், அது 3 சதவீதம் திறந்தபடி சிக்கிக்கொள்ளும். திரையில் மூடியது போலத்தான் காட்டும். தொட்டியின் அல்லேஜ், அதாவது எண்ணெய்க்கு மேல் இருக்கும் இடைவெளி, 1.52 மீட்டர். பத்து நிமிடம் கழித்து 1.50. இன்னும் பத்து நிமிடத்தில் 1.48. இந்தத் தொட்டியின் 95 சதவீத அலாரம் ஏற்கெனவே அடித்து, மாணவரே அதை அமைதிப்படுத்தியிருக்கிறார். அடுத்த அலாரம் 98-இல்தான். இடையில் அவரைக் காப்பாற்ற ஒரே ஒரு பழக்கம்தான் இருக்கிறது. முடித்த தொட்டியை முடித்ததாக நினைக்காமல், ஒவ்வொரு முறையும் எல்லாத் தொட்டியின் எண்ணையும் தாளில் எழுதி முந்தைய எண்ணோடு ஒப்பிடுவது. பேனா எடுத்து எழுதுபவர் இரண்டாவது வரியிலேயே பிடித்துவிடுவார். திரையை மட்டும் பார்ப்பவர் அடுத்த தொட்டியின் கடைசி நிரப்பலின், அதாவது டாப்பிங் ஆஃபின், மும்முரத்தில் இருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது சாய்வுப் பயிற்சி. இரட்டை ஓடு டாங்கர்கள் வந்த தொடக்கத்தில், நடுவில் தடுப்பில்லாத அகன்ற தொட்டிகள் கொண்ட சில கப்பல்கள் துறைமுகத்திலேயே திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து பயமுறுத்தின. அகன்ற தாம்பாளத்தில் பாதி தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். சற்றுச் சாய்ந்தாலும் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். இதனால்தான் 2002 பிப்ரவரியிலிருந்து வந்த 5,000 டன்னும் அதற்கு மேலுமான எண்ணெய்க் கப்பல்களில், துறைமுகத்தில் எந்தச் சரக்கு நிலையிலும் ஜி.எம். (கப்பல் நிமிர்ந்து நிற்கும் வலுவின் அளவு) 0.15 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று மார்போல் விதி கேட்கிறது. பயிற்சிக்கு நான் எடுப்பது அதற்கு முந்தைய மாதிரிக் கப்பலை.

மாணவரிடம் நேரக் கெடுபிடியோடு ஒரு வேலையைக் கொடுப்பேன். சரக்கை ஏற்று, அதே நேரத்தில் பேலஸ்ட்டை இறக்கு. அவசரக்காரர் எல்லாச் சரக்குத் தொட்டிகளையும் ஒன்றாகத் திறப்பார், எல்லா பேலஸ்ட் தொட்டிகளையும் ஒன்றாக உறிஞ்சுவார். எல்லாமே பாதி பாதி நிலையில் நிற்கும்போது கப்பல் மெதுவாக போர்ட், அதாவது இடது, பக்கம் 2 டிகிரி சாயும். பார்த்தவுடன் கை என்ன செய்யும்? ஸ்டார்போர்ட் பக்கத்துப் பேலஸ்ட் தொட்டியில் தண்ணீர் ஏற்றும். சாதாரணச் சாய்வென்றால் அது சரி. இங்கே எடை ஒரு பக்கம் கூடியதால் சாயவில்லை, கப்பல் நிமிர்ந்து நிற்கும் வலுவையே இழந்திருக்கிறது. மேட்டுப் பக்கத்தில் ஏற்றிய தண்ணீர் அதை நிமிர்த்தி, நிற்காமல் அந்தப் பக்கம் இன்னும் ஆழமாகக் கவிழ்த்துவிடும். மாணவர் பதறி மறுபடி போர்ட் பக்கம் ஏற்றுவார். செய்ய வேண்டியது நேர்மாறு. உடனே எல்லாவற்றையும் நிறுத்து. ஆடும் பரப்பைக் குறை. அடித்தொட்டியில், அதுவும் தாழ்ந்த பக்கத்திலேயே முதலில், தண்ணீர் நிரப்பி எடையைக் கீழே கொண்டு வா. சாய்ந்த பக்கமே எடை ஏற்று என்று சொன்னால் நம்ப மனம் வராது. புத்தகத்தில் படித்தவர்கூட, திரையில் சாய்வுமானி ஏறும்போது கையை அடக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். இதிலும் பழுது எதுவும் இல்லை. திட்டமே விபத்து.

சாய்வு கண்ணுக்குத் தெரியும். கப்பலின் முதுகெலும்பு முறிவது தெரியாது. 1979 ஜனவரி 8 அன்று அயர்லாந்தின் பான்ட்ரி விரிகுடாவில், விட்டி தீவு டெர்மினலில் எண்ணெய் இறக்க வந்திருந்த பெத்தல்ஜூஸ் என்ற பிரெஞ்சு டாங்கர் வெடித்து முறிந்தது. 50 பேர் இறந்தார்கள். பழுதுபட்டு வலுவிழந்த உடல், அதன் மேல் அன்றிரவு தவறாக ஏற்றிய பேலஸ்ட்டினால் வந்த அழுத்தம் என்று விசாரணைத் தீர்ப்பாயம் கண்டது. எந்தத் தொட்டியில் எவ்வளவு இருந்தால் உடலில் எவ்வளவு வளைவுவிசை என்று கணக்குப் போட்டுச் சொல்லும் லோடிகேட்டர் அந்தக் கப்பலில் இல்லை. இன்றைக்கு எல்லாப் பெரிய டாங்கரிலும் இருக்கிறது. ஆனால் இருப்பது வேறு, ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் அதில் போட்டுப் பார்ப்பது வேறு. தொடக்கமும் முடிவும் எல்லைக்குள் இருக்கும், நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் எல்லை மீறும் வரிசை ஒன்றை எளிதாக அமைக்கலாம். அந்த நடுக்கட்டத்தை மாணவர் கணக்கில் போட்டுப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி. பெத்தல்ஜூஸ் பற்றி முன்னால் சொல்ல மாட்டேன். அவர் வளைகோடு எல்லையை மீறிய படத்தைப் பார்த்த பிறகு சொன்னால் மறக்க மாட்டார்.

சிமுலேட்டரில் இல்லாத ஒன்றை நாம் கொடுக்க வேண்டும், அது டெக்கின் வாடை, சத்தம், அதிர்வு. கப்பலில் பம்ப் காற்றிழுக்கத் தொடங்கினால் பம்ப்மேனின் காதுக்குத்தான் முதலில் தெரியும். எனவே ஆசிரியருக்கு ஒரு பக்க அளவில் வசனம் எழுதிக் கொடுப்பேன். அவரே பம்ப்மேன், அவரே டெர்மினல், அவரே இஞ்சின் ரூம். வாக்கி டாக்கியில் இப்படி வரும்:

“சீஃப், ரெண்டாம் நம்பர் பம்ப் சத்தம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு.”

இதற்கு மேல் பம்ப்மேன் பேசக்கூடாது என்று தாளில் எழுதியிருக்கும். “ஓகே, பாத்துக்கோ” என்று மாணவர் சொன்னால் பம்ப்மேன் பார்த்துக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான். “வேற மாதிரின்னா எப்படி? அதிர்வு இருக்கா? டிஸ்சார்ஜ் பிரஷர் ஆடுதா?” என்று கேட்டால், கரகரவென்று சத்தம் வருவதாகவும் முள் ஆடுவதாகவும் பதில் கிடைக்கும். கேட்பவருக்குத்தான் தகவல். நிஜக் கப்பலிலும் அப்படித்தான், அனுபவமுள்ள பம்ப்மேன்கள் அதிகம் பேசமாட்டார்கள். டெர்மினலின் குரலுக்கு வேறு குணம். அது எப்போதும் அவசரத்தில் இருக்கும், ரேட்டைக் கூட்டச் சொல்லி நச்சரிக்கும். முடியாது என்று மரியாதையாகச் சொல்லவும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்ததும் நான் நம்பாத முதல் ஆள் என்னையே. பயிற்சியை மூன்று விதமாக ஓட்டிப் பார்ப்பேன். எல்லாம் தெரிந்தவராக, சோம்பேறியாக, பயந்தவராக. பயந்தவர்தான் பெரும்பாலும் பயிற்சியின் ஓட்டையைக் காட்டிக்கொடுப்பார். அவர் எல்லாவற்றையும் பாதி வேகத்தில் ஓட்டுவார், என் பொறி எதுவும் அவர் மேல் விழாது. ஆனால் அவர் எதையும் கவனித்திருக்கவும் மாட்டார். அவர் தப்பித்தால் பயிற்சி தோற்றது. அப்போது டெர்மினலின் குரலுக்கு இன்னும் ஒரு வரி சேர்ப்பேன். அல்லது கிளம்பும் நேரத்தை இழுத்துப் பிடிப்பேன். காலத்தைப் பத்து மடங்கு வேகமாக்கும் பொத்தானையும் இந்தச் சோதனையில்தான் தீர்மானிப்பேன். நகர்வு மெதுவாக நடக்கும் இடத்தில் அந்தப் பொத்தானைப் பூட்டிவிட வேண்டும். 1.52-இலிருந்து 1.50-க்குப் போக எடுக்கும் அந்தப் பத்து நிமிடச் சலிப்பை வேகப்படுத்தினால் பாடமே போய்விடும். கப்பலில் வாட்ச் என்பது பெரும்பாலும் சலிப்புதான். சலிப்பில் விழித்திருப்பதைச் சொல்லிக்கொடுக்கச் சலிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இதில்தான் பயிற்சி நிலையங்களோடு எனக்குக் கொஞ்சம் உரசல். ஒரு நிலையத்தில், மணிக்கு எத்தனை பழுது வருகிறது என்று எண்ணிக் கேட்டார்கள். காசு கொடுத்து வருகிறவர்களுக்கு விறுவிறுப்பாக இருக்க வேண்டாமா சார் என்றார்கள். அலாரம் அடித்து, விளக்கு மின்னி, நாலு பேர் ஓடினால் பயிற்சி நடந்தது போல ஒரு திருப்தி வரும், படம் எடுத்துப் போடவும் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்தடுத்துப் பழுது வந்தால் மாணவர் ஒன்றைக் கற்றுக்கொள்வார். சிமுலேட்டரில் எப்போதும் ஏதோ வரப்போகிறது என்பதை. விரலைப் பொத்தான் மேல் வைத்துக் காத்திருப்பார். கப்பலில் அப்படி ஒரு நாளும் இருக்காது. மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. நடக்கும்போது அது பழுதாக வராது, சரியாகச் செய்த ஐந்து வேலைகளின் கூட்டாக வரும்.

கடைசியாக, உட்கார்ந்து பேசுவது. ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்கு அரை மணியாவது பேசாவிட்டால் ஓட்டியது வீண். சிமுலேட்டர் எல்லா எண்ணையும் நொடி நொடியாகப் பதிந்து வைத்திருக்கும். ஆக்சிஜனின் கோட்டையும் பம்புகளின் கோட்டையும் ஒரே தாளில் அச்சடித்து மேசையில் வைப்பேன், ஒன்றும் சொல்லாமல். பம்ப் நின்ற இடத்துக்கும் ஆக்சிஜன் எழும்பிய இடத்துக்கும் நடுவில் மாணவரே பென்சிலால் கோடு போட வேண்டும். கூட ஓட்டியவர்கள் முதலில் பேசட்டும், ஆசிரியர் கடைசியில். “அந்த நேரத்துல நீங்க எந்தப் பக்கத்தைத் திறந்து வச்சிருந்தீங்க?” என்று கேட்டால், திட்டாமலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். கணினி தரும் மதிப்பெண்ணை நான் பார்ப்பதுண்டு, அதை வைத்து முடிவு சொல்வதில்லை. எல்லை மீறினால் மார்க் குறைக்க அதற்குத் தெரியும். எல்லைக்கு வெகு முன்னாலேயே ஒருவர் புருவத்தைச் சுருக்கியது அதற்குத் தெரியாது.

பயிற்சி எழுத வரும் இளைய சகாக்கள் நல்ல பயிற்சிக்கு அடையாளம் என்ன என்று கேட்பார்கள். அலாரமே அடிக்காமல் முடிக்க ஒரு வழி அதில் இருக்க வேண்டும் என்பேன். கவனமான மாணவர் ஒருவர் 3.9-இலேயே இஞ்சின் ரூமுக்குப் போன் போட்டு, இரண்டாவது வரியிலேயே வால்வைச் சந்தேகித்து, நடுக்கட்டத்தை முன்னாலேயே லோடிகேட்டரில் போட்டுப் பார்த்து, ஒன்றுமே நடக்காமல் முடித்து எழுந்து போனால், பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். அந்த ஏமாற்றத்துக்காகவே நான் எழுதும் மதிப்பீட்டுத் தாளில் ஒரு கட்டம் கூடுதலாக உண்டு. ‘அலாரத்துக்கு முன் கவனித்தவை’ என்று. மற்றக் கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்து இது மட்டும் நிரம்பியிருந்தால், அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்து அனுப்புங்கள் என்று ஆசிரியர் குறிப்பின் கடைசி வரியில் எழுதிவிடுகிறேன்.